கம்ப்யூட்டர் முன் அமர்ந்தால் மூளை ஏன் மந்தமாகிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்பீட் பற்றியவை. 8 ஜி.பி. ராம் போதுமா, 16 ஜி.பி. போட வேண்டுமா, எஸ்.எஸ்.டி. டிரைவ் போட்டால் விண்டோஸ் எத்தனை வினாடியில் திறக்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள். அண்மைக் காலமாக வேறு வகைக் கடிதங்களும் வருகின்றன. "கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது சார், எனக்குத்தான் எதுவும் ஓடவில்லை. அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை மூன்று மணி நேரம் இழுக்கிறது" என்பது அவற்றின் சாரம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், கடைக் கணக்கை எக்ஸெல்லில் ஏற்றும் வியாபாரிகள், பணி ஓய்வுக்குப் பின் இண்டர்நெட் பேங்கிங் பழகும் பெரியவர்கள் என எல்லோரிடம் இருந்தும் இந்தக் கேள்வி வருகிறது.

இதற்கு எந்த சாப்ட்வேரையும் டவுண்லோட் செய்திட நான் சொல்லப் போவதில்லை. மூளையைக் கூர்மையாக்கும் என்று விளம்பரம் செய்து வரும் கேம்களையும் நம்ப வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த லூமோசிட்டி என்ற புரோகிராமின் நிறுவனம், தன் விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடர்ந்த வழக்கை முடித்துக் கொள்ள, 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக் கொண்டது. நாம் பார்க்க வேண்டியது கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அறையையும், அதன் முன் அமரும் நம் பழக்கங்களையும்தான்.

நம்முடைய ராம் எவ்வளவு?

ராம் மெமரி என்பது கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் கையாளும் தகவல்களை வைத்திருக்கும் இடம் என்பது உங்களுக்குத் தெரியும். மனித மூளையிலும் இது போன்ற ஒரு தற்காலிக இடம் உண்டு. ஒரு போன் எண்ணைக் கேட்டு, அதை டயல் செய்யும் வரை மனதில் வைத்திருக்கிறோம் அல்லவா? அந்த இடம்தான். இது எவ்வளவு பெரியது என்று அமெரிக்க உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஏழு விஷயங்கள், ஆளுக்கு ஏற்ப இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்றார். 2001 ல் நெல்சன் கோவன் என்பவர் இதை மீண்டும் ஆராய்ந்து, ஏழு கூட இல்லை, ஏறத்தாழ நான்குதான் என்று எழுதினார்.

நான்கு! நீங்கள் ஒரு வங்கிப் படிவத்தை நிரப்பிக் கொண்டிருக்கிறீர்கள். அக்கவுண்ட் எண், ஐ.எப்.எஸ்.சி. கோட், தொகை, அடுத்து எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்ற நினைவு. இதோடு இடம் நிறைந்துவிட்டது. அந்த நேரத்தில் திரையின் ஓரத்தில் ஒரு மெயில் வந்த செய்தி எட்டிப் பார்த்தால், உள்ளே இருக்கும் ஒன்றை வெளியே தள்ளித்தான் அது உள்ளே வர முடியும். கம்ப்யூட்டரில் ராம் நிறைந்தால் விண்டோஸ் கொஞ்சத்தை டிரைவிற்கு மாற்றி வைத்துவிட்டு, வேண்டும்போது அப்படியே திரும்ப எடுத்துவிடும். நம் மூளைக்கு அந்த வசதி இல்லை. தள்ளப்பட்டது பெரும்பாலும் போனதுதான். கூடுதல் ராம் வாங்கிப் பொருத்தவும் வழி இல்லை. ஆகவே, இருக்கும் நான்கு இடத்தை யார் யார் பிடித்துக் கொள்கிறார்கள் என்று பார்ப்பதே நம்மால் ஆகக் கூடியது.

47 வினாடி

குளோரியா மார்க் என்பவர் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பணியாற்றிய பேராசிரியர். கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்கள் ஒரே திரையில் எவ்வளவு நேரம் கவனத்தை வைத்திருக்கிறார்கள் என்று இருபது ஆண்டுகளாக அளந்து வந்தவர். 2004 ல் அவர் குழுவினர் ஸ்டாப் வாட்ச்சுடன் அலுவலக ஊழியர்களின் பின்னால் நின்று குறித்தபோது சராசரி இரண்டரை நிமிடம் வந்தது. பின்னர் கம்ப்யூட்டரிலேயே ஒரு புரோகிராமை வைத்து அளந்தார்கள். 2012 ல் 75 வினாடி. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் சராசரி 47 வினாடி. ஒரு நிமிடம் கூட இல்லை.

இவர் 2008 ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகத் தெரிகிறது. வேலைக்கு நடுவே குறுக்கிடப்பட்டவர்கள், குறுக்கிடப்படாதவர்களைவிட வேகமாக வேலையை முடித்தார்கள். ஆச்சரியமாக இருக்கிறதா? இழந்த நேரத்தைப் பிடிக்க அவர்கள் அவசரப்பட்டார்கள். அதற்கு விலையாகப் பதற்றம், எரிச்சல் எல்லாம் கூடியது. மாலையில் "ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை, ஆனால் உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கிறது" என்று நாம் சொல்கிறோமே, அதன் காரணம் இதில் கொஞ்சம் தெரிகிறது.

சோபி லெராய் என்ற ஆய்வாளர் 2009 ல் இதற்கு இன்னொரு விளக்கம் தந்தார். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவும்போது கவனம் முழுவதும் கூடவே வருவதில்லை. கொஞ்சம் பழைய வேலையிலேயே ஒட்டிக் கொண்டு நிற்கிறது. அரைத்த மாவை வழித்தெடுத்த பின்னும் கிரைண்டரில் ஒட்டியிருப்பது போல. பத்து முறை தாவினால் பத்து இடத்தில் ஒட்டல்.

எனவே முதல் வேலை, குறுக்கீடுகளைக் குறைப்பது. புதிய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 தான் இருக்கும். அதில் எல்லா புரோகிராம்களும் உங்களைக் கூப்பிட அனுமதி பெற்றே வருகின்றன. விண்டோஸ் கீயுடன் ஐ கீயை அழுத்தி செட்டிங்ஸ் பகுதியைத் திறக்கவும். இடது பக்கம் சிஸ்டம், அதில் நோட்டிபிகேஷன்ஸ். இங்கு கீழே ஒவ்வொரு புரோகிராமின் பெயரும் ஒரு சிறிய சுவிட்சுடன் இருக்கும். உங்களுக்கு உண்மையிலேயே உடனே தெரிய வேண்டியது எது? என் கம்ப்யூட்டரில் காலண்டரை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். மற்றவை எல்லாம் ஆப். ஆன்ட்டி வைரஸ் எச்சரிக்கையை மட்டும் நீங்கள் விட்டுவிடலாம், அது அவசியம்.

சில மணி நேரம் மட்டும் அமைதி வேண்டும் என்றால், டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் உள்ள கடிகாரத்தில் கிளிக் செய்திடுங்கள். மேலே திறக்கும் கட்டத்தில் மணி போன்ற ஐகான் இருக்கும். அதில் ஒரு கிளிக் செய்தால் டூ நாட் டிஸ்டர்ப் நிலைக்கு வந்துவிடும். கீழே காலண்டரின் அடியில் போகஸ் என்று ஒரு பட்டனும் இருக்கும். அதில் எத்தனை நிமிடம் என்று குறித்துத் தொடங்கலாம்.

பிரவுசரில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஏதோ ஒரு செய்தித் தளத்திற்குச் சென்றபோது "நோட்டிபிகேஷன் காட்டலாமா?" என்று கேட்டிருக்கும். நாமும் அந்தக் கட்டம் மறைந்தால் போதும் என்று அலோ கொடுத்திருப்போம். அன்று முதல் அது வாழ்நாள் முழுவதும் கதவைத் தட்டும். குரோம் பிரவுசரில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் எனச் செல்லுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். ஒவ்வொன்றாக நீக்கலாம். இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்றும் அங்கேயே அமைக்கலாம். சில வீடுகளில் இந்தப் பட்டியலைத் திறந்து காட்டியபோது, அதில் இருந்த தளங்களின் பெயரே அவர்களுக்கு நினைவில் இல்லை.

மொபைல் போனை என்ன செய்வது? அமெரிக்காவில் அட்ரியன் வார்டு என்பவரும் மூவரும் 2017 ல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 800 பேர் பங்கேற்றனர். போனை சைலண்ட்டில் போடச் சொல்லி, சிலரை மேஜை மேல் கவிழ்த்து வைக்கச் சொன்னார்கள். சிலர் பையில் அல்லது பாக்கெட்டில் வைத்தனர். மற்றவர்கள் வேறு அறையில் வைத்துவிட்டு வந்தனர். யாருக்கும் போன் வரவில்லை. இருந்தும் வேறு அறையில் வைத்தவர்கள் மூளைக்கான தேர்வுகளில் நன்றாகச் செய்தனர். இதை மீண்டும் செய்து பார்த்த பிற ஆய்வாளர்களில் சிலருக்கு இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் போனை அடுத்த அறையில் வைக்கச் செலவு ஒன்றும் இல்லையே. முயன்று பாருங்கள்.

சேவ் செய்தால் மூளையும் காலியாகிறது

இது கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர்களுக்கென்றே அமைந்த ஒரு கண்டுபிடிப்பு. பெஞ்சமின் ஸ்டோர்ம், ஷான் ஸ்டோன் என்ற இருவர் 2014 ல் செய்த சோதனை. மாணவர்களிடம் ஒரு பைலில் இருந்த சொற்களைப் படிக்கக் கொடுத்தார்கள். பின்னர் இரண்டாவதாக ஒரு பைல். பாதி முறை முதல் பைலை சேவ் செய்துவிட்டு இரண்டாவதற்குச் சென்றனர். மீதி முறைகளில் சேவ் செய்யாமல் மூடிவிட்டுச் சென்றனர். முதல் பைலை சேவ் செய்தபோது இரண்டாவது பைலில் இருந்த சொற்கள் அவர்களுக்கு அதிகம் நினைவில் நின்றன. பாதுகாப்பாக இருக்கிறது என்று தெரிந்தவுடன் மூளை அதைச் சுமப்பதை விட்டுவிடுகிறது. அந்த இடம் அடுத்ததற்குக் கிடைக்கிறது. இதில் இன்னும் அழகான ஒரு விஷயம். சேவ் ஆகுமோ ஆகாதோ என்ற நிலையை உருவாக்கியபோது இந்தப் பலன் மறைந்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, பெயர் வைக்காத பைல்கள். டாகுமெண்ட்1, புக்2, அன்டைட்டில்ட் என்று டெஸ்க்டாப் முழுவதும் இறைந்து கிடக்கும். எதில் என்ன இருக்கிறது என்ற கணக்கு பைலில் இல்லை, நம் தலையில் இருக்கிறது. ஒரு பைலைத் தொடங்கும்போதே கண்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை அழுத்தி, "மின் கட்டணம் 2026 மார்ச்" என்பது போலத் தெளிவான பெயர் கொடுத்து, அதற்குரிய போல்டரில் சேவ் செய்திடுங்கள். பெயரைத் தமிழிலும் வைக்கலாம், விண்டோஸ் ஏற்றுக் கொள்ளும். வாரம் ஒரு முறை பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் டிரைவிலோ ஒரு காப்பி எடுத்து வைப்பதும் இதில் சேர்ந்ததே. பேக்கப் எடுப்பது டிரைவ் கெட்டுப் போவதற்காக மட்டும் என்று நாம் நினைத்து வந்தோம். அதில் மன நிம்மதியும் இருக்கிறது.

முடியாத வேலைகளும் இப்படித்தான். மசிகாம்போ, பாமைஸ்டர் ஆகிய இருவர் 2011 ல் காட்டியது இது. முடிக்காத ஒரு வேலை மனதில் கிடந்து மற்ற வேலைகளில் குறுக்கிடுகிறது. அதை எப்போது, எப்படிச் செய்வது என்று ஒரு திட்டம் வகுத்துவிட்டாலே குறுக்கீடு அடங்கிவிடுகிறது. வேலையை முடிக்கக் கூட வேண்டாம்! பிரவுசரில் முப்பது டேப்களைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். அவை படிக்க வேண்டியவை அல்ல, மூடினால் மறந்துவிடுவோமோ என்ற பயத்தின் பட்டியல். கண்ட்ரோல், ஷிப்ட், டி ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் திறந்துள்ள எல்லா டேப்களையும் ஒரே போல்டரில் புக்மார்க் செய்துவிடலாம். போல்டருக்கு "ஞாயிறு காலை" என்று பெயர் வையுங்கள். பிறகு தைரியமாக மூடுங்கள்.

அறை என்ன சொல்கிறது?

நம் வீடுகளில் கம்ப்யூட்டர் எங்கே வைக்கப்படுகிறது? பெரும்பாலும் ஹாலில், பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே. அதே ஹாலில் டிவி. மாலை ஆறு மணிக்குப் பிறகு சீரியல்.

ஒலி பற்றி ஒரு பழைய, உறுதியான ஆய்வு இருக்கிறது. நியூயார்க் நகரில் மன்ஹாட்டன் பகுதியில் ஒரு பள்ளி. அதன் ஒரு பக்க வகுப்பறைகளை ஒட்டி மேம்பால ரயில் பாதை செல்கிறது. சில நிமிடங்களுக்கு ஒரு ரயில். ஒவ்வொரு ரயிலுக்கும் ஆசிரியர் பாடத்தை நிறுத்த வேண்டும். ஆர்லின் பிரான்சாப்ட் என்பவர் மெக்கார்த்தி என்பவருடன் சேர்ந்து 1975 ல் அந்தப் பள்ளியின் மாணவர்களின் வாசிக்கும் திறனை ஒப்பிட்டார். ஒரே பள்ளி, ஒரே பாடம். ஆனால் ஆறாம் வகுப்பிற்கு வரும்போது ரயில் பக்கத்துப் பிள்ளைகள் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ ஓர் ஆண்டு பின்தங்கி இருந்தனர். பின்னர் தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் வைத்தார்கள். வகுப்பறைகளின் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் பதித்தார்கள். 1981 ல் மீண்டும் சோதித்தபோது இரு பக்கத்திற்கும் வேறுபாடு இல்லை. பள்ளி மாறவில்லை, சத்தம்தான் குறைந்தது.

வீட்டில் இதற்கு என்ன பொருள்? மின்விசிறியின் ஓசை, தெருவில் மழை என ஒரே சீராக வரும் ஒலிகளை மூளை விரைவில் ஒதுக்கிவிடும். புரியும் பேச்சைத்தான் ஒதுக்க முடியாது. நாம் கேட்க விரும்பாவிட்டாலும், சொற்களைக் கையாளும் வேலையில் அது புகுந்துவிடும். எனவே படிக்க, எழுத, கணக்குப் பார்க்கக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவோர் அதை டிவி இருக்கும் அறையில் வைக்க வேண்டாம். வேறு அறையே இல்லை என்றால், டிவி பார்ப்பவர்களுக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். படிப்பவர் காதில் பாட்டு ஓடுவது எனக்கு உடன்பாடு இல்லை. பாட வேண்டும் என்றால் சொற்கள் இல்லாத வீணையோ நாதஸ்வரமோ இருக்கட்டும்.

வெப்பம் அடுத்தது. 2016 கோடையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 44 மாணவர்களைப் பன்னிரண்டு நாட்கள் கவனித்தார்கள். சிலருக்கு ஏ.சி. உள்ள விடுதி, சிலருக்கு இல்லை. ஏ.சி. இல்லாதவர்கள் காலையில் எழுந்தவுடன் போனில் செய்த சிறு சோதனைகளில் ஒன்றில், விடை சொல்ல 13 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக் கொண்டனர். 2018 ல் வந்த இந்த ஆய்வைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுடைய ஏ.சி. இல்லாத அறையின் சராசரி வெப்பம் 26 டிகிரி செல்சியஸ்தான்! சென்னையிலோ வேலூரிலோ மே மாதத்தில் 26 டிகிரி கிடைத்தால் போர்வை தேடுவோம். உடம்பு பழகிய வெப்பநிலைக்குப் பங்கு உண்டு என்பதால் அவர்கள் எண்ணை நாம் அப்படியே எடுத்துக் கொள்ள முடியாது. ஆனால் போக்கு அதுதான்.

ஏ.சி. வைத்திருப்பவர்கள் மகிழ வேண்டாம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக் கழகத்தின் ஆலன் ஹெட்ஜ் 2004 ல், புளோரிடாவில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் டைப் செய்பவர்களின் பிழைகளைக் கணக்கெடுத்தார். அறை 25 டிகிரியில் இருந்தபோது பிழை 10 சதவீதம். 20 டிகிரிக்குக் குளிர்ந்தபோது 25 சதவீதம். டைப் செய்த நேரமும் பாதியளவு குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் ஏ.சி.யை 18 ல் வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துக் கொண்டு டைப் செய்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

ஏ.சி. அறையில் இன்னொரு விஷயம் காற்று. ஸ்பிளிட் ஏ.சி. பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. வெளிக் காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. மூடிய அறையில் நாம் விடும் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு ஏறிக் கொண்டே போகும். வெளிக் காற்றில் இது பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல். 2012 ல் 22 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனையில், இது 600, 1000, 2500 பங்கு என மூன்று நிலைகளில் முடிவெடுக்கும் திறனை அளந்தார்கள். 2500 ல் பல பிரிவுகளில் மதிப்பெண் வெகுவாகச் சரிந்தது. பிற்கால ஆய்வுகள் சிலவற்றில் இவ்வளவு பெரிய சரிவு தெரியவில்லை. எப்படியானாலும் மணிக்கு ஒரு முறை எழுந்து கதவைத் திறந்து வைப்பது நல்லது. எழுந்திருக்க ஒரு காரணமும் கிடைக்கும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் மானிட்டருக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது, உங்கள் முதுகுக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் இருக்க வேண்டும். மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, ஒரு கை தூரத்தில். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து கண் உலர்ந்துவிடுகிறது. எனவே இருபது நிமிடத்திற்கு ஒரு முறை, இருபது அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை இருபது வினாடி பாருங்கள். கண் எரியும்போது தெளிவாக யோசிப்பது கடினம்.

தூக்கமும் காபியும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் பின்பற்றுவேன் என்றால், இதைப் பின்பற்றுங்கள். 2003 ல் ஹான்ஸ் வான் டாங்கன் என்பவரும் அவர் குழுவினரும் 48 பேரை வைத்துச் செய்த ஆய்வு. சிலருக்கு இரவில் எட்டு மணி நேரம், சிலருக்கு ஆறு, சிலருக்கு நான்கு மணி நேரம் படுக்கை. இரண்டு வாரம். ஆறு மணி நேரம் படுத்தவர்களின் கவனம் நாளுக்கு நாள் குறைந்து, முடிவில் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தவர்களின் நிலைக்கு இறங்கியது. பயமுறுத்துவது அது அல்ல. அவர்களிடம் கேட்டபோது, "கொஞ்சம் தூக்கமாக இருக்கிறது, பழகிவிட்டது" என்ற அளவில்தான் சொன்னார்கள். தங்கள் திறன் சரிந்ததை அவர்களால் உணர முடியவில்லை. "எனக்கு ஐந்து மணி நேரத் தூக்கம் போதும் சார்" என்று சொல்பவரைக் கேட்கும்போதெல்லாம் இந்த ஆய்வு எனக்கு நினைவுக்கு வரும். சிலருக்கு உண்மையிலேயே போதும், ஆனால் அத்தகையவர்கள் மிக அரிது.

1997 ல் டாசன், ரீட் என்ற இருவர் இன்னொரு கணக்குச் சொன்னார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை, கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவிற்கு இறங்கிவிடுகிறது. இந்தியாவில் வண்டி ஓட்டுபவர்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதம்தான். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணிக்கு இண்டர்நெட் பேங்கிங்கில் பணம் அனுப்புகிறார் என்றால், அந்த நிலையில்தான் அனுப்புகிறார். அக்கவுண்ட் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் பணம் யாருக்கோ போகலாம். திரும்பப் பெற வங்கிக்கும் வீட்டிற்கும் அலைய வேண்டும். பணம் அனுப்புவது, பைல்களை டெலிட் செய்வது, விண்ணப்பத்தை சப்மிட் செய்வது, இந்த மூன்றையும் காலையில் வைத்துக் கொள்ளுங்கள். இரவில் பாட்டு கேளுங்கள், போட்டோக்களை அடுக்குங்கள்.

மாலைக் காபியும் இதில் வருகிறது. 2013 ல் வந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காபின் எடுத்தவர்களுக்குக் கூடத் தூக்கம் ஒரு மணி நேரத்திற்கு மேல் குறைந்தது. நம் பில்டர் காபி ஒரு டம்ளரில் அவ்வளவு இருக்காது. ஆனால் நான்கு மணிக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு "அரை டம்ளர்" என்றால் கணக்கு கூடிவிடும். பலர் விண்டோஸில் உள்ள நைட் லைட் வசதியை ஆன் செய்துவிட்டு, நள்ளிரவு வரை உட்காரலாம் என்று நினைக்கிறார்கள். திரை மஞ்சளாவதால் கண்ணுக்கு இதமாக இருக்கலாம். தூக்கத்தை அது காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. "இன்னும் ஒரு வீடியோ" என்ற ஆசைக்கு நிறம் ஏது?

படுத்த பின் நாளைய வேலைகள் மனதில் ஓடுகிறதா? 2018 ல் மைக்கேல் ஸ்கலின் 57 பேரை ஓர் ஆய்வகத்தில் உறங்க வைத்தார். படுக்கும் முன் ஐந்து நிமிடம், செய்ய வேண்டிய வேலைகளைத் தாளில் எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினர். தாளில் எழுதுங்கள். கம்ப்யூட்டரைத் திறந்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

நம்மை யோசிக்க விடாதவர்கள்

இதுவரை சொன்னதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இண்டர்நெட் மோசடிக்காரர்கள். அவர்கள் உங்கள் பாஸ்வேர்டை உடைப்பதில்லை. உங்களைச் சுற்றி ஒரு சூழ்நிலையை உருவாக்குகிறார்கள். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சொல்லப்படும் மோசடியைப் பாருங்கள். போலீஸ் என்றோ சி.பி.ஐ. என்றோ வீடியோ அழைப்பு வரும். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருந்தது என்பார்கள். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, அறையை விட்டு வெளியே போகக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, உடனே பணத்தை மாற்ற வேண்டும். மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள் கணக்கில் தூங்க விடாமல் வைத்திருக்கிறார்கள். பயம், அவசரம், தனிமை, தூக்கமின்மை. தலைக்குள் இருக்கும் அந்த நான்கு இடத்தையும் அவர்களே நிரப்பிவிடுகிறார்கள். "இது உண்மையா?" என்ற கேள்விக்கு இடம் இல்லை. பணத்தை இழந்தவர்களில் டாக்டர்களும் பேராசிரியர்களும் ஓய்வு பெற்ற அதிகாரிகளும் இருப்பது இதனால்தான். படிப்பு குறைவு என்று யாரையும் கேலி செய்திட வேண்டாம்.

வீடியோ அழைப்பில் கைது செய்வது என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. யு.பி.ஐ. பின் எண் பணம் பெறுவதற்குத் தேவையே இல்லை. இவற்றை ஒரு தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள்; பதற்றத்தில் நினைவில் இருந்து எடுப்பது கடினம், கண்ணில் படுவது எளிது. அப்படி ஓர் அழைப்பு வந்தால் இணைப்பைத் துண்டியுங்கள். நாற்காலியை விட்டு எழுந்து, வீட்டில் உள்ள வேறு ஒருவரிடம் நடந்ததை வாய் விட்டுச் சொல்லுங்கள். தனியாக இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும். உங்கள் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்த அளவிற்குப் பணம் அடுத்த அக்கவுண்ட்டிற்குப் போகும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. 1930 ஐயும் அதே தாளில், பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.